பழைய லென்ஸும் புதிய கேமராவும்: பழைய வாடிக்கையைக் காப்பதன் விலை என்ன?

மளிகை வியாபாரிகள் படிக்கும் நம் இதழில் கேமராவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. மத்திகிரி, ஓசூர் பகுதியில் மொத்த வியாபாரம் செய்யும் நம்மில் பலர் சில காலமாக ஒரு கேள்வியைப் பேசி வருகிறோம். அரை மூட்டை, கால் மூட்டை வாங்கும் சிறு கடைக்காரர்களுக்கு இனியும் மூட்டை பிரித்துக் கொடுக்கத்தான் வேண்டுமா? கையால் எழுதிக் கொண்டுவரும் சிட்டையை இனியும் ஏற்பதா, போனில் வரும் ஆர்டர் மட்டும் போதும் என்று சொல்லிவிடுவதா? கூலி ஏறிவிட்டது. லாபம் மெலிந்துவிட்டது. பழைய முறையைத் தாங்கிக்கொண்டே புதிய முறையில் வியாபாரம் செய்வது சுமையாகத்தான் இருக்கிறது.

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த ஒரு நாள், ஸ்டூடியோ நடத்தும் நண்பர் ஒருவர் நம் கடைக்கு வந்தார். பையிலிருந்து இரண்டு பழைய லென்ஸ்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று நிக்கான், மற்றது கேனன். இரண்டும் பிலிம் காலத்தில் அவருடைய தகப்பனார் வாங்கியவை. “ஐயா, இந்த நிக்கான் லென்ஸ் 40 வருஷத்துக்கு மேல் பழசு. ஆனாலும் அந்தக் கம்பெனியின் டிஜிட்டல் கேமராவில் பூட்டிப் படம் எடுக்கலாம். இந்தக் கேனன் லென்ஸை 1987-லேயே கம்பெனி கைவிட்டுவிட்டது. இரண்டு பேரில் யார் செய்தது சரி, சொல்லுங்கள்” என்றார்.

அவருக்குச் சொல்ல அப்போது நம்மிடம் பதில் இல்லை. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதில், இது நம் மூட்டைக் கேள்வியேதான் என்பது விளங்கியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பூட்டும் வாய்

பெரிய கேமராக்களில் லென்ஸ் தனி, கேமரா தனி. வேலைக்குத் தக்கபடி லென்ஸை மாற்றிப் பூட்டிக்கொள்ளலாம். பூட்டும் இடத்தில் ஓர் உலோக வளையம் இருக்கும். அதற்கு ‘மவுண்ட்’ என்று பெயர். நம் கடையில் விற்கும் இரண்டு முள் பல்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஹோல்டரில் வைத்து அழுத்தித் திருப்பினால் பூட்டிக்கொள்கிறது. குண்டு பல்பு போய் சி.எப்.எல். வந்தது, அதுவும் போய் எல்.இ.டி. வந்தது. ஹோல்டர் மட்டும் மாறவில்லை. அதனால்தான் எந்த வீட்டிலும் வயரிங்கை மாற்றாமல் புதிய பல்பை விற்க முடிந்தது.

கேமராவில் இந்த மவுண்ட்தான் ஹோல்டர். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஹோல்டர் வழியாக மின்சாரம் மட்டுமே போகிறது. மவுண்ட் வழியாகப் பல செய்திகள் போகவேண்டும். லென்ஸின் துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது, படம் தெளிவாக விழ லென்ஸ் எவ்வளவு திரும்பவேண்டும் என்பன போன்றவை அவை. காலம் போகப் போக இந்தச் செய்திகள் கூடிக்கொண்டே வந்தன. பழைய வளையத்துக்குள்ளேயே அவற்றை எப்படி அடக்குவது என்பதுதான் கம்பெனிகளுக்கு வந்த சோதனை.

நிக்கான் போன வழி

நிக்கான் கம்பெனி 1959-ல் தன் ‘எஃப்’ கேமராவை வெளியிட்டபோது அமைத்த மவுண்டைப் பல பத்தாண்டுகள் விடாமல் வைத்திருந்தது. 1977-ல் துவார அளவைக் கேமராவுக்குத் தெரிவிக்கும் முறையை மாற்றியது. அதற்கு முன் விற்ற லென்ஸ்கள் புதிய கேமராக்களுக்கு அப்படியே பொருந்தா. அப்போது கம்பெனி வாடிக்கைக்காரர்களை விட்டுவிடவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய லென்ஸின் வளையத்தை மாற்றிக் கொடுத்தது.

1980-களில் கேமராவே லென்ஸைத் திருப்பித் தெளிவு பார்க்கும் ‘ஆட்டோ ஃபோகஸ்’ வந்தது. நிக்கான் அப்போதும் பழைய மவுண்டை விடவில்லை. 1986-ல் வந்த எஃப்-501 கேமராவில் மோட்டாரைக் கேமராவுக்குள் வைத்தது. திருப்புளி முனை போன்ற ஒரு சிறு தண்டு மவுண்ட் வழியே வெளியே நீட்டி லென்ஸைத் திருப்பும். பழைய வீட்டை இடிக்காமல் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டியது போன்ற ஏற்பாடு இது.

இதனால் பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் ஒரு கேமராவுக்குள் பழைய முறைக்கு ஒரு நெம்புகோல், அடுத்த முறைக்கு ஒரு தண்டு, அதற்கும் அடுத்ததற்கு மின் முனைகள் என்று சாமான் சேர்ந்துகொண்டே போயிற்று.

கேனன் போன வழி

கேனன் 1971 முதல் ‘எஃப்.டி.’ என்ற மவுண்டில் லென்ஸ் விற்றுவந்தது. 1986-ல் அந்த மவுண்டில் ‘டி-90’ என்ற உயர்ந்த கேமராவையும் வெளியிட்டது. நம்பி வாங்கியவர்கள் ஏராளம். அடுத்த ஆண்டே, 1987-ல், ‘இ.ஓ.எஸ். 650’ கேமராவுடன் ‘இ.எஃப்.’ என்ற புத்தம்புதிய மவுண்டைக் கொண்டுவந்தது. மவுண்டின் விட்டம் 54 மில்லி மீட்டர்; நிக்கானின் பழைய மவுண்ட் 44 மில்லி மீட்டர்தான். உள்ளே தண்டும் இல்லை, நெம்புகோலும் இல்லை. மோட்டார் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் போய்விட்டது. கேமராவும் லென்ஸும் மின் முனைகள் மூலம் மட்டுமே பேசிக்கொள்ளும்.

பழைய லென்ஸ் புதிய கேமராவுக்குச் சேரவில்லை. சில தொலைநோக்கு லென்ஸ்களுக்கு மட்டும் ஓர் இடைவளையம் கொடுத்தார்கள். மற்றவர்கள் பழைய லென்ஸை வைத்துக்கொண்டு பழைய கேமராவில்தான் காலம் தள்ளவேண்டும். கம்பெனி பழைய வகையை ஒரேயடியாக நிறுத்தவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1990-லும் எஃப்.டி. மவுண்டில் ஒரு கேமரா வெளியிட்டது. ஆனாலும் காசு போட்டவர்களின் மனக்கசப்பு நெடுநாள் ஆறவில்லை.

இதன் பலன் மெதுவாகத் தெரிந்தது. விளையாட்டுப் போட்டிகளைப் படம் எடுப்பவர்களுக்கு வேகம்தான் முக்கியம். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருந்த கேனன் முறை அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. 1990-களில் மைதானங்களில் கேனனின் வெள்ளை நிற லென்ஸ்கள் வரிசையாக நின்றன. நிக்கானும் 1992-ல் லென்ஸுக்குள் மோட்டார் வைக்கத் தொடங்கியது. லென்ஸ் மாற்றும் டிஜிட்டல் கேமரா விற்பனையில் 2003 முதல் உலக அளவில் தாமே முதலிடம் என்று கேனன் அறிவித்து வருகிறது. மவுண்ட் மாற்றம் ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது கம்பெனியை மூழ்கடிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

யார் பணம் யாருக்குப் போகிறது?

இப்போது செலவுக் கணக்குக்கு வருவோம். ஓசூர் சிப்காட் பக்கம் உதிரிபாகம் செய்துகொடுக்கும் பட்டறைக்காரர்களைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள். ஒரு சிறு பாகத்தின் விலை அதிலுள்ள இரும்பின் விலை மட்டும் அன்று. வரைபடம், அச்சு, பொருத்தும் ஆளின் நேரம், சரிபார்க்கும் ஆளின் நேரம், பின்னால் பழுது பார்க்க ஸ்டாக் வைக்கும் செலவு ஆகிய எல்லாம் அதில் சேரும்.

உதாரணத்துக்கு நாமே சில எண்களை வைத்துக்கொள்வோம். பழைய லென்ஸ் வேலை செய்வதற்காகக் கேமராவில் வைக்கும் பாகத்துக்கு எல்லாம் சேர்த்து 100 ரூபாய் ஆகிறது. கம்பெனி 1,00,000 கேமரா விற்கிறது. செலவு 1 கோடி ரூபாய். வாங்குகிறவர்களில் 5,000 பேரிடம்தான் பழைய லென்ஸ் இருக்கிறது. அப்படியானால் அந்த 5,000 பேருக்காகத் தலைக்கு 2,000 ரூபாய் செலவாகிறது. அதில் 95,000 பேர், தங்களுக்குப் பயன்படாத ஒரு பாகத்துக்கு ஆளுக்கு 100 ரூபாய் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது.

பழைய வாடிக்கையைக் காப்பது இலவசம் அன்று என்பது இதனால் விளங்கும். யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். வியாபாரம் பெருகும்போது இந்த 100 ரூபாயை யாரும் கவனிப்பதில்லை. சுருங்கும்போது அதுதான் முதலில் கண்ணில் படும்.

கேமரா வியாபாரம் எப்படிச் சுருங்கியது என்பதையும் பாருங்கள். 2010-ல் ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2020-ல் அது 90 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கைப்பேசியிலேயே கேமரா வந்துவிட்டதுதான் முக்கியக் காரணம்; அந்த ஆண்டு கொரோனாவும் சேர்ந்துகொண்டது.

சொல்லாமல் குறைத்தது

நிக்கானும் செலவைக் குறைக்கத் தொடங்கியது. 2006-ல் வெளியிட்ட டி-40 என்ற சிறிய, விலை குறைந்த கேமராவில் உள் மோட்டார் கிடையாது. பழைய ஆட்டோ ஃபோகஸ் லென்ஸைப் பூட்டலாம். ஆனால் கையால்தான் திருப்பித் தெளிவு பார்க்கவேண்டும். பலரும் வாங்கிவந்த 50 மில்லி மீட்டர் எஃப் 1.8 டி லென்ஸும் இதில் அடக்கம். மோட்டார் உள்ள 50 எஃப் 1.8 ஜி லென்ஸ் 2011-ல்தான் வந்தது.

இதில் கம்பெனியின் நியாயத்தையும் சொல்லவேண்டும். விலை குறைந்த கேமராவை வாங்குபவர் பெரும்பாலும் புதிதாக வருபவர். அவரிடம் பழைய லென்ஸ் இருக்காது. பழைய லென்ஸ் வைத்திருப்பவர் சற்று உயர்ந்த கேமராவை வாங்குவார். அவற்றில் மோட்டார் இருந்தது. நம் கணக்குப்படி இது சரியான முடிவே.

ஆனால் 2017-ல் வந்த டி-7500 வேறு மாதிரி. அதற்கு முந்தைய டி-7200-ல் இருந்த, 1977-ம் ஆண்டு முறை லென்ஸின் துவார அளவை உணரும் சிறு பாகம் இதில் இல்லை. பழைய லென்ஸைப் பூட்டினால் வெளிச்சத்தை அளந்து சொல்லாது. அதே வரிசையில் அடுத்த கேமராதானே என்று வாங்குபவர், வீட்டுக்குப் போய்ப் பூட்டிப் பார்த்த பிறகுதான் இதை அறிவார். மவுண்ட் ஒன்றே, பெயரும் ஒன்றே. உள்ளே வேலை மட்டும் குறைந்திருக்கும்.

நம் கருத்தில், முழுதாக மாற்றுவதைவிட இதுதான் ஆபத்தானது. பூட்டவே முடியாத லென்ஸ் யாரையும் ஏமாற்றாது. பூட்டிக்கொண்டு வேலை செய்யாத லென்ஸ், வாங்கியவரையும் குழப்பும். விற்ற கடைக்காரருக்கும் கெட்ட பெயர் வாங்கித் தரும். கவுண்டரில் நின்று பதில் சொல்லவேண்டியவர் கடைக்காரர்தானே.

2018: கணக்கு முடிந்த ஆண்டு

உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராவுக்காக இரண்டு கம்பெனிகளும் 2018-ல் மவுண்டை மாற்றின. நிக்கானின் புதிய மவுண்ட் ‘இசட்’, கேனனுடையது ‘ஆர்.எஃப்.’. இரண்டு கம்பெனிகளுமே பழைய லென்ஸைப் பூட்ட அடாப்டர் கொடுத்தன.

இங்கேதான் 31 ஆண்டுக் கணக்கு நேராயிற்று. கேனனின் இ.எஃப். லென்ஸ்களுக்கு 1987 முதலே மின் முனை மட்டும்தான். ஆகவே அடாப்டர் என்பது உள்ளே ஒன்றும் இல்லாத ஒரு குழாயும் சில மின் தொடர்புகளும்தான். 1987-ல் வாங்கிய லென்ஸும் புதிய கேமராவில் ஆட்டோ ஃபோகஸ் செய்தது. நிக்கானுக்கு அது எளிதாக இல்லை. லென்ஸுக்குள் மோட்டார் இருந்தவை நன்றாக வேலை செய்தன. தண்டினால் திருப்பப்படும் பழைய வகைக்கு அடாப்டருக்குள்ளேயே ஒரு மோட்டார் வைக்கவேண்டும், கம்பெனி வைக்கவில்லை. அந்த லென்ஸ்களைக் கையால்தான் திருப்பவேண்டும்.

ஒரு முறை வலிக்கும்படி மாற்றியவருக்கு அடுத்த மாற்றம் லேசாயிற்று. வலிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போனவருக்கு அடுத்த மாற்றம் பாரமாயிற்று. ஆனாலும் நிக்கானை நம்பியவர்கள் நடுவில் 40, 50 ஆண்டுகள் தங்கள் லென்ஸைப் பயன்படுத்தினார்கள். அந்த லாபமும் லாபம்தான். அதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் நண்பரிடம் இருந்த, கேனன் கைவிட்ட எஃப்.டி. லென்ஸ் இந்தப் புதுவகைக் கேமராக்களில் ஒரு வெற்று வளையத்தின் உதவியால் பூட்டிக்கொள்கிறது. இவற்றில் மவுண்டுக்கும் படம் விழும் இடத்துக்கும் உள்ள தூரம் 16 முதல் 20 மில்லி மீட்டர்தான். பழைய லென்ஸுக்கு 42 மில்லி மீட்டர் வேண்டும். மிச்ச தூரத்தை வளையம் நிரப்பிவிடுகிறது. இந்த வளையங்களைச் செய்து விற்பவர்கள் சிறு தயாரிப்பாளர்கள். பெரிய கம்பெனி விட்ட இடத்தில் அவர்களுக்கு ஒரு பிழைப்பு கிடைத்தது.

நம் ஊரில் நடந்த மாற்றம்

இவ்வளவு தூரம் போகாமல் நம் கடை வாசலிலேயே ஓர் உதாரணம் நிற்கிறது. 1980-ல் ஓசூர் ஆலையிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டி இல்லாத மளிகைக் கடையை நம் பக்கம் காண்பது அரிது. அது 2 ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றவேண்டும். 2015-ல் 4 ஸ்ட்ரோக் என்ஜினுடன் எக்ஸ்.எல். 100 வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 புகை விதி வந்தபோது கார்புரேட்டரும் போய் பியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. பழைய என்ஜின் சாமான் புதியதற்கு உதவாது. ஆனால் மூட்டை வைக்கும் முன்பக்கத் தளம் அப்படியே இருந்தது. கடைக்காரருக்கு வேண்டியது அந்தத் தளம்தான். எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று பார்த்துச் செய்ததாகவே இது நமக்குத் தோன்றுகிறது.

அணாவிலிருந்து காசுக்கு மாறிய கதையை நம் தகப்பனார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா. நாலணாவுக்கு 25, எட்டணாவுக்கு 50 என்று சரியாகப் பொருந்தியது. ஓர் அணா மட்டும் ஆறேகால் பைசா; அதை 6 என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19. கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்குத் தலைவலிதான். ஆனால் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. பழைய காசும் புதிய காசும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கின. மாற்றும் அட்டவணை எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது. முன்கூட்டிச் சொன்னதாலும், இரண்டையும் சேர்த்து ஓடவிட்டதாலும், சந்தை குலையவில்லை.

நம் கடையில் செய்தது

இனி மூட்டைக் கேள்விக்கு வருவோம். அஞ்செட்டி, தளி, கெலமங்கலம் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து அரை மூட்டை சர்க்கரையும் பத்துக் கிலோ துவரம் பருப்பும் வாங்கிப்போகும் கடைக்காரர்கள் நமக்கு உண்டு. முழு மூட்டைக்கு அவர்களிடம் முதல் கிடையாது. வைக்க இடமும் கிடையாது. முழு மூட்டைதான் என்று நாம் சொன்னால் அவர்கள் வட்டிக்கு வாங்கவேண்டும், இல்லை கடையை மூடவேண்டும்.

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது பழமொழி. ஒரு வாரம் கணக்கு வைத்துப் பார்த்தோம். 50 கிலோ மூட்டையைப் பிரித்து, நிறுத்து, வேறு பையில் போட்டுத் தைக்க ஆள் கூலி 15 ரூபாய், பை 10 ரூபாய், சிந்தல் 5 ரூபாய், ஆக 30 ரூபாய் ஆயிற்று. கிலோவுக்கு 60 காசு. இத்தனை நாள் இதை முழு மூட்டை வாங்குபவர்களின் தலையில் நாம் போட்டுக்கொண்டிருந்தோம். அவர்களுக்கு அது தெரியாது. பிரித்து வாங்கியவர்களுக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் நமக்கே தெரியாது.

அதன் பிறகு மூன்று காரியம் செய்தோம். முதலாவது, பிரித்து வாங்கினால் கிலோவுக்கு 60 காசு கூடுதல் என்று பலகையில் எழுதி, மூன்று மாதம் கழித்து அமலுக்கு வரும் என்று எல்லோரிடமும் வாயால் சொன்னோம். இரண்டாவது, எடையிலோ தரத்திலோ சொல்லாமல் கை வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். மூன்றாவது, கைச் சிட்டையைக் காலை 11 மணிவரை ஏற்பது, அதை நம் பையனே கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வது என்று வைத்தோம்.

எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டோம். மூன்று பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருவர் 30 ஆண்டு வாடிக்கை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் நாம் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஒரே பஸ்ஸில் வரும் இரண்டு கடைக்காரர்கள் கூட்டாக ஒரு முழு மூட்டையை எடுத்துப் போய்த் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். நாம் கொடுக்காத அடாப்டரை அவர்களே செய்துகொண்டார்கள்.

ஸ்டூடியோ நண்பருக்கு நாம் சொன்ன பதிலையே இங்கும் சொல்லி முடிக்கிறோம். பழையதைக் காப்பாற்றியவரும் பிழைத்தார், மாற்றியவரும் பிழைத்தார். காப்பாற்றுவதானால் அதன் செலவை அளந்து தெரிந்துகொண்டு காப்பாற்றவேண்டும். மாற்றுவதானால் முன்கூட்டிச் சொல்லி, தாண்டிவர ஒரு பலகையும் போட்டுக் கொடுத்து மாற்றவேண்டும். வெளியே பழையபடி காட்டிக்கொண்டு உள்ளே குறைப்பது மட்டும் கூடாது. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மூட்டை விஷயம் பேச்சுக்கு வரும்போது, உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தம் கடையின் ஒரு வாரக் கணக்கைக் கையோடு கொண்டுவந்தால் நல்ல முடிவு எடுக்க உதவியாக இருக்கும்.